டாக்டர் பஞ்சநதம் சாப்பிடுகிறார்

மனிதனுக்கு எவ்வளவு சோறு போதும் என்று இருபத்தேழு வருஷமாக உலகத்துக்குச் சொல்லிவந்த டாக்டர் பஞ்சநதத்துக்கு, திருச்சியில் ஒரு பெரிய ஹோட்டலின் மாடி அரங்கத்தில் வாழ்நாள் சாதனையாளர் விருது கொடுத்து, பொன்னாடை போர்த்தி, ஏழெட்டுப் பேர் பேசி, எல்லோரும் அவருடைய எளிமையைப் புகழ்ந்து முடித்த பிறகு, பகல் ஒன்றரை மணிக்கு விருந்து பரிமாறினார்கள். ஆட்டுக்கறி பிரியாணி இரண்டு தட்டு, எண்ணெய்க் கத்திரிக்காய், வஞ்சிர மீன் வறுவல் நான்கு துண்டு, பரோட்டா, குலோப்ஜாமூன் ஐந்து, அதற்கு மேல் ஐஸ்கிரீம் என்று வரிசையாகச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது அவர் வயிற்றைத் தடவிப் பார்த்தார். காலையில் எழுந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே காலியாக இருந்தது. அதே நேரத்தில், திருச்சிக்குத் தெற்கே பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போனால் வருகிற மொட்டப்பாறை என்ற ஊரின் கல்குவாரியில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த இருபத்தாறு பெண்கள், சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, ஏலக்காயும் கிராம்பும் மணக்க ஏப்பம் விட்டார்கள்.

அந்த இருபத்தாறு பேரையும் டாக்டருக்குத் தெரியும், அதாவது அவர்களுடைய எடை தெரியும். முப்பத்து நாலு வயது வரை அவர் எலிகளுக்குத் தீனி போட்டு, எலிகளை நிறுத்து, எலிகளைப் பற்றி நாற்பது கட்டுரை எழுதி, அவற்றை வேறு எலிக்காரர்கள் மட்டும் படித்து வந்த நிலையில், எலியை வைத்து யாரும் பெரிய ஆளானதில்லை என்பது ஒரு நாள் அவருக்குப் பிடிபட்டது. அடுத்த மாதமே ஆராய்ச்சி நிலையத்து ஜீப்பில் ஒரு தராசையும், மூக்கை அடைக்கிற கிளிப்பையும், உடம்பு எவ்வளவு எரிக்கிறது என்று கணக்கிட மூச்சைப் பிடிக்கிற பெரிய ரப்பர் பைகளையும், லில்லி புஷ்பம் என்கிற நர்ஸையும் ஏற்றிக்கொண்டு மொட்டப்பாறையில் போய் இறங்கினார். பதினாலு மாதம் நடந்தது அந்த ஆய்வு. முப்பத்தேழு பெண்கள் விடிந்ததும் தராசில் ஏறி இறங்கினார்கள், மூக்கை அடைத்துக்கொண்டு பைக்குள் மூச்சு விட்டார்கள், முதுகில் பையைக் கட்டிக்கொண்டே கல் உடைத்தார்கள். அந்த ஊரிலேயே ஓர் ஓட்டு வீட்டில் தங்கியிருந்த லில்லி புஷ்பம், அவர்கள் சாப்பிட்ட ஒவ்வொரு வாயையும் சாப்பிடுவதற்கு முன்னால் நிறுத்து நோட்டில் எழுதினாள். டாக்டர் வாரத்துக்கு ஒரு தடவை வந்து நோட்டை வாங்கிப் போனார். ஊரில் அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, தண்ணீர் சரியில்லை என்று.

கணக்குப் போட்டபோது, அந்தப் பெண்கள் ஒரு நாளைக்கு ஆயிரத்து முந்நூறு கலோரிக்கு மேல் சாப்பிடுவதில்லை என்றும், ஆனாலும் எட்டு மணி நேரம் கல் உடைக்கிறார்கள் என்றும் தெரிந்தது. சாதாரண மனிதன் ஒருவன் இதைப் பார்த்திருந்தால், பாவம், இவர்களுக்குச் சாப்பாடு போதவில்லை என்று சொல்லியிருப்பான். பஞ்சநதம் விஞ்ஞானி என்பதால், இவர்களுக்கு இதற்கு மேல் தேவையில்லை என்று சொன்னார். ஏழையின் உடம்பு சிக்கனம் கற்றுக்கொள்கிறது, குறைத்துக் கொடுத்தால் குறைவில் ஓடக் கற்றுக்கொள்கிறது என்று முப்பது பேருடைய பெயர், வயது, எடை கொண்ட ஓர் அட்டவணையோடு எழுதி, அதற்கு 'சிக்கன உடல்' என்று பெயர் வைத்தார். மீதி ஏழு பேரைப் பற்றி, ஆய்வை முடிக்காதவர்கள் என்று அரை வரி இருந்தது. இது எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. ஆலை வைத்திருந்தவர்களுக்குப் பிடித்தது, தோட்டம் வைத்திருந்தவர்களுக்குப் பிடித்தது, கொடுக்க மனமில்லாத எல்லோருக்கும் கொடுக்காமல் இருப்பது புண்ணியம் என்று விஞ்ஞானமே சொன்னால் பிடிக்காமல் என்ன செய்யும். பதினோரு நாடுகள் அவரைக் கூப்பிட்டன, பதினோரு நாட்டிலும் பேசினார், பதினோரு நாட்டிலும் நன்றாகச் சாப்பிட்டார்.

அவர் சாப்பிட்டது வேறு இடத்துக்குப் போகத் தொடங்கியதை மொட்டப்பாறை மூன்றே நாளில் பழக்கிக்கொண்டது. முதல் நாள், பக்கத்து ஊர்க் கல்யாணப் பந்தியின் வாசம் காற்றில் வந்து வயிற்றில் தங்கிவிட்டது என்று பேசிக்கொண்டு, தூக்குவாளியில் கொண்டுபோன கஞ்சியை ஆட்டுக்கு ஊற்றினார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்குப் பசை மாதிரி ஒன்று உள்ளே போய் உட்கார்ந்ததும் யோசித்தார்கள். கூழ் இல்லை, களி இல்லை, கஞ்சியும் இல்லை, உப்பும் இல்லாமல் ஏப்பம் வருகிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஊரைவிட்டுப் போகாமல் அதே ஓட்டு வீட்டில் இருந்துவிட்ட லில்லி புஷ்பத்திடம் போய்ச் சொன்னார்கள். அவள் ஒவ்வொருத்தியையும் ஏப்பம் விடச் சொல்லி மோந்து பார்த்துவிட்டு, "இது ஓட்ஸ். பஞ்சநதம் சார் இருபது வருஷமா காலையில இதைத்தான் குடிக்கிறார்" என்றாள். பதினோரு மணிக்கு இரண்டு மேரி பிஸ்கட் வந்தது, நாலு மணிக்குச் சர்க்கரை இல்லாத காப்பி வந்தது. அதற்கு மேல் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை என்று எண்ணிப் பார்த்தார்கள். அட்டவணையில் இருந்த முப்பது பேரில் உயிரோடு இருந்த இருபத்தாறு பேருக்கும் வந்தது, வேறு ஒருத்திக்கும் வரவில்லை. செத்துப்போன நாலு பேரின் பங்கு எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. சுடுகாட்டுப் பக்கம் எறும்பு ஜாஸ்தியாகிவிட்டது என்று ஆடு மேய்ப்பவர்கள் சொன்னதோடு சரி.

பெண்களுக்கு வயிறு நிறைந்துவிட்டது என்று தெரிந்ததும், அவர்களிடமிருந்து எதையாவது எடுக்க முடிந்தவர்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். உனக்குத்தான் திருச்சியிலிருந்து வந்துவிடுகிறதே என்று வீட்டு ஆண்கள் குழம்பை வழித்துப் போட்டுச் சாப்பிட்டுவிட்டுச் சட்டியைக் கவிழ்த்தார்கள். ரேஷன் கடையில், வேறு வழியில் உணவு பெறுவோர் என்று இருபத்தாறு அட்டையில் முத்திரை விழுந்தது. குவாரி காண்ட்ராக்டர் பகல் சாப்பாட்டு நேரத்தையே எடுத்துவிட்டான். உடைத்துக்கொண்டே இருங்கள், சாப்பாடு தானாக வரும் என்றான், தானாகவும் வந்தது. அவர்களுடைய வாய்தான் வேலையில்லாமல் இருந்தது. மெல்லாமல், விழுங்காமல், ருசி தெரியாமல், வேறு ஒரு மனுஷன் எப்போது எதைத் தின்கிறானோ அப்போது அது வயிற்றில் வந்து விழ, குனிந்து சுத்தியலைத் தூக்குவது எவ்வளவு கஷ்டம் என்பதை எந்த அட்டவணையிலும் யாரும் எழுதியதில்லை.

திருச்சியில் டாக்டர் இளைத்துக்கொண்டே போனார். மாதத்துக்கு ஏழு கிலோ குறைந்தது. சட்டை தோளிலிருந்து இறங்கியது, மோதிரம் குளிக்கும்போது கழன்று சாக்கடைத் துளைக்குள் போயிற்று. எவ்வளவு போட்டாலும் சாப்பிட்டார், சாப்பிட்டுவிட்டுத் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இரத்தம், மலம், ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்ததில் ஒரு குறையும் இல்லை. கடைசியில் ஆராய்ச்சி நிலையத்துப் பழைய அறையிலிருந்து ரப்பர் பையை எடுத்து, தானே மூக்கை அடைத்துக்கொண்டு ஊதிப் பார்த்தார். சாப்பிடுவதற்கு முன்பும் சாப்பிட்ட பிறகும் ஒரே அளவு வந்தது. உள்ளே எதுவும் போகவே இல்லை என்றது பை.

இதை நிலையம் தன் வழியில் எடுத்துக்கொண்டது. இயக்குநர், டாக்டருக்குப் பின்னால் வந்தவர், டாக்டரை விட வேகமாக மேலே போக வேண்டும் என்ற துடிப்பு உள்ளவர், பையின் முடிவைப் பார்த்ததும் எழுந்து நின்று கைகொடுத்தார். "சார், நீங்களே உங்க கோட்பாட்டுக்கு உயிருள்ள சாட்சி ஆயிட்டீங்க. ஒண்ணுமே இல்லாம ஓடுற உடம்பு. உலகத்துல வேற யாரு இப்படி ஒரு நிரூபணம் குடுத்திருக்கா?" நிலையத்து வாசலில் டாக்டரின் ஆள் உயரப் படம் வைத்தார்கள். கல்லூரிப் பெண்கள் வரிசையில் வந்து அவருடைய மணிக்கட்டின் சுற்றளவை அளந்து எழுதிக்கொண்டு போனார்கள். அவர் மேடையில் சட்டையைத் தளர்த்தி விலா எலும்பைக் காட்டி, குறைவில் நிறைவு என்று பேசினார், கை தட்டினார்கள். பேசுகிறபோது வயிறு கத்துவது ஒலிபெருக்கியில் கேட்கும் என்பதால் ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினார். பசி என்றால் என்ன என்று அறுபத்துமூன்று வயதில் முதல் தடவையாக அவருக்குத் தெரிந்துகொண்டிருந்தது. அது சிக்கனம் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. முதல் நாள் எப்படிக் கடித்ததோ தொண்ணூறாவது நாளும் அப்படியே கடித்தது. அதை வெளியே சொன்னால் வாழ்நாள் சாதனை போய்விடும் என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

சித்திரை மாதத்தில் ஒரு நாள் லில்லி புஷ்பம் டாக்டர் வீட்டுக்குப் போன் செய்தாள். டாக்டரின் மனைவி வத்சலா எடுத்தாள். "அம்மா, ஊர்ல மாரியம்மனுக்குக் காப்பு கட்டியாச்சு. எட்டு நாளைக்குச் சார் கவுச்சி சாப்பிடாம இருந்தா நல்லதுன்னு எல்லாரும் சொல்லச் சொன்னாங்க. போன ஞாயித்துக்கிழமை மட்டன் வந்துடுச்சு, ரொம்ப சங்கடப்பட்டுட்டாங்க." வத்சலா இரண்டு கேள்வி கேட்டாள், எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள், சரி என்று வைத்துவிட்டாள். அன்று மதியம் சாம்பாரும் பூசணிக்காய்க் கூட்டும் பரிமாறிவிட்டு விஷயத்தைச் சொன்னாள். தன் உயிரியலைப் பற்றிப் போனில் ஒரு நர்ஸ் வந்து சொல்வதா என்று டாக்டருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் எதையும் சோதித்துப் பார்ப்பதுதான் முறை என்பதால், புதன்கிழமை பதினோரு மணிக்குச் சமையலறையில் நின்றபடி பன்னிரண்டு பச்சை மிளகாயை ஒன்றன்பின் ஒன்றாக மென்று விழுங்கினார். நாக்கு எரிந்தது, வயிறு ஒன்றும் சொல்லவில்லை. நாலு நிமிஷத்தில் போன் வந்தது. "சார், இங்க எல்லாரும் வயித்தப் பிடிச்சிக்கிட்டுச் சுருண்டுட்டாங்க. என்ன சாப்பிட்டீங்க?" ஒரு தடவை நடந்தது தற்செயலாக இருக்கலாம் என்று வியாழக்கிழமையும் பன்னிரண்டு மிளகாய் தின்றார். மூன்று தடவை இல்லாமல் முடிவு எடுக்கக் கூடாது என்று வெள்ளிக்கிழமையும் தின்றார். மூன்றையும் தேதி, நேரம் போட்டுக் குறித்துவைத்தார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, முதல் பஸ்ஸைப் பிடித்து, லில்லி புஷ்பமும் அடைக்காயியும் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அடைக்காயிக்கு ஐம்பது இருக்கும். அட்டவணையில் நாலாவது பெயர் அவளுடையது. டாக்டர் அவளைச் சோபாவில் உட்காரச் சொல்லவில்லை, வத்சலா சொன்னாள். உட்கார்ந்தவள், சுவரில் வரிசையாக மாட்டியிருந்த விருதுகளை ஒரு தடவை பார்த்துவிட்டு, அவரைப் பார்த்தாள்.

"ரொம்ப எளச்சுப் போயிட்டீகளே, டாக்டரய்யா."

"நீங்க எல்லாரும் சேந்து என்ன பண்ணியிருக்கீங்கன்னு தெரியுமா?" என்றார் டாக்டர். "என் உடம்புல ஒட்ட வேண்டியது பூரா அங்க வருது."

"நாங்களா கூப்புட்டோம்? நாங்க பாட்டுக்குக் கஞ்சி குடிச்சிக்கிட்டு கெடந்தோம். ஒங்க பசைக் கஞ்சிய யாரு கேட்டா?"

"ஓட்ஸ்" என்றாள் லில்லி புஷ்பம்.

"அதுதான். வருது, வாங்கிக்கிறோம். மொளகா திங்கிறத மட்டும் நிறுத்துங்க. நேத்து சௌந்தரம் மயங்கி விழுந்துருச்சு, கை நசுங்கத் தெரிஞ்சது." அதைச் சொல்லிவிட்டு அடைக்காயி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் அதுக்கு வரல. ஏந் தங்கச்சி நாச்சம்மைக்கு வரமாட்டேங்குது. அவளும் ஒங்க பையில ஊதுனவதான. நாங்க இருவத்தாறு பேரும் ஏப்பம் விடுறோம், அவ பக்கத்துல குத்தவச்சு எங்க வாயப் பாக்குறா. அவளையும் அதுல சேத்து எழுதுங்க. அந்த ஏழு பேரையும் எழுதுங்க."

டாக்டர் இதற்கு உடனே பதில் சொன்னார், ஏனென்றால் இருபத்தேழு வருஷத்தில் பல கூட்டங்களில் சொன்ன பதில் அது. "அவங்க ஆய்வை முடிக்கலம்மா. முடிக்காதவங்களச் சேத்தா முடிவு தப்பா வரும்."

"முடிக்கலையா?" என்றாள் அடைக்காயி. "அவ முடிக்காம ஊருக்கா ஓடிப்போனா? முதுகுல ஒங்க பையோட கல்லு மேல விழுந்தா. வயித்துல இருந்ததும் அன்னைக்கே போச்சு. நர்சம்மா எழுதுனாகள்ல?"

"எழுதினேன்" என்றாள் லில்லி புஷ்பம், டாக்டரைப் பார்க்காமல். "ஏழு பேருக்கும் எழுதினேன். எந்த மாசம் எத்தனை கிலோ குறைஞ்சது, எப்ப தீட்டு நின்னுச்சு, எப்ப விழுந்தாங்க, எல்லாம். சார் நோட்டை வாங்கிட்டுப் போனார். அப்புறம் கட்டுரையில பாத்தா அந்தப் பக்கமே இல்ல."

அடைக்காயி, அந்த ஏழு பேரில் நாச்சம்மையையும் சேர்த்து மூன்று பேர்தான் இப்போது இருக்கிறார்கள் என்றாள். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த ஏழையும் எழுதினால் சராசரி சரியும், சராசரி சரிந்தால் சிக்கனம் போய் வெறும் பட்டினி மட்டும் மிஞ்சும், பட்டினியைக் கண்டுபிடித்ததற்கு யாரும் விருது கொடுப்பதில்லை. அவர், பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம் என்பதைப் பல அலுவலகப் படிகள் ஏறிப் படித்திருந்த அடைக்காயி, வத்சலா கொடுத்த காப்பியை ஆற்றி, ஒவ்வொரு வாயாக நாக்கில் வைத்திருந்து குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்தாள்.

பார்க்கலாம் என்று சொன்னவர் ஒரு தந்திரம் செய்து பார்த்தார். கட்டுரை வந்த பத்திரிகைக்கு ஒரு திருத்தம் அனுப்பினார். 'மேலும் ஏழு பேர் கலந்துகொண்டு விலகினர்' என்று, பெயர் இல்லாமல், எடை இல்லாமல், பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி வந்தது. அது அச்சான நாளில் நாச்சம்மைக்கும் மற்ற இரண்டு பேருக்கும் தொண்டையில் ஓர் உப்புக்கல் கரைந்த மாதிரி இருந்தது என்று லில்லி புஷ்பம் போனில் சொன்னாள். "அடிக்குறிப்பு அவ்வளவுதான் தாங்கும் போலிருக்கு சார்." பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வத்சலா, அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். "ஒரு மனுஷிக்கு எவ்வளவு சோறு போதும்னு ஊரெல்லாம் போய்ச் சொன்னீங்க. கல்யாணம் ஆகி முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு நாள், நீ சாப்பிட்டியான்னு என்னைக் கேட்டிருப்பீங்களா?"

ஆவணி மாதம், கூலி வேலை செய்கிற குடும்பங்களுக்குத் தலைக்கு எவ்வளவு தானியம் கொடுத்தால் போதும் என்று முடிவு செய்ய டில்லியிலிருந்து ஒரு நிபுணர் குழு வந்து, அந்த ஆராய்ச்சி நிலையத்திலேயே கூடியது. மேஜைக்கு மேஜை டாக்டரின் கட்டுரையை அச்சடித்து வைத்திருந்தார்கள். முதலில் இயக்குநர் பேசினார், பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவராக டாக்டரைக் காட்டிக் காட்டிப் பேசினார்கள். நாற்பத்தொரு கிலோவில் நாற்காலியில் இருந்த டாக்டர் வெறும் கோட்டு ஒன்றை மாட்டி வைத்த மாதிரி தெரிந்தார். ஆயிரத்து முந்நூறு தாராளம், இன்னும் குறைக்க இடமிருக்கிறது என்று ஒருவர் சொன்னார். கடைசியாக, நம் துறையின் உயிருள்ள சாட்சி இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று தலைவர் கேட்டுக்கொண்டார்.

டாக்டர் எழுந்தார். தயாரித்து வந்த பேச்சு சட்டைப்பையில் இருந்தது. அதை எடுக்கத்தான் கையை விட்டார். ஆனால் பக்கத்து அறையில் பாத்திர மூடிகளைத் திறந்துகொண்டிருந்தார்கள், நெய்ச்சோற்று வாசனை கதவிடுக்கு வழியாக வந்து அவருடைய மூக்கில் ஏறியது, கை அப்படியே நின்றுவிட்டது.

"எனக்குப் பசிக்கிறது" என்றார்.

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள், நேரம் போனதே தெரியவில்லை என்று தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "இல்லை, ஆரம்பத்திலிருந்தே பசிக்கிறது" என்று டாக்டர் சொன்னது நாற்காலிகள் நகர்கிற சத்தத்தில் போய்விட்டது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது என்றும், டாக்டர் பஞ்சநதத்தின் நகைச்சுவையோடு கூட்டம் உணவுக்குக் கலைந்தது என்றும் குறிப்பெடுத்தவர் எழுதிக்கொண்டார்.

விருந்து அறையில் தட்டோடு வரிசையில் நின்றபோதுதான் அவருக்கு ஆத்திரம் வந்தது. இருபத்தேழு வருஷம் தான் சொன்ன எதையும் இவர்கள் ஒரு தடவைகூடச் சந்தேகப்பட்டதில்லை, ஓர் உண்மையைச் சொன்னதும் சிரிக்கிறார்கள் என்ற ஆத்திரம். அது மனசாட்சி இல்லை, மனசாட்சிக்கு அவரிடம் பழக்கம் கிடையாது. தன்னை மதிக்கவில்லை என்கிற கோபம்தான். ஆனாலும் அந்தக் கோபத்தில் தட்டைக் கீழே வைத்தார், கையிலிருந்த கட்டுரையைத் தயிர்வடைப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் விரித்தார், பேனாவைத் திறந்தார், அட்டவணையில் முப்பதாவது பெயருக்குக் கீழே எழுத ஆரம்பித்தார். நாச்சம்மை, இருபது, முப்பத்தொன்பது கிலோ, ஒன்பதாம் மாதம் முப்பத்து மூன்று. வெள்ளையம்மா, இருபத்தாறு, நாற்பத்திரண்டு, முப்பத்தைந்து, இறப்பு. எந்த நோட்டையும் பார்க்காமல் ஏழு பெயரையும், ஏழு வயதையும், எடை ஒவ்வொரு மாதமும் இறங்கிய விதத்தையும் நிறுத்தாமல் எழுதினார். இருபத்தேழு வருஷமாக அவர் அதில் ஓர் எண்ணைக்கூட மறந்திருக்கவில்லை. எழுதி முடித்து, அடியில் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, அதற்குப் பிறகு தட்டை எடுத்து நிரப்பிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

மூன்றாவது தட்டில் இருக்கும்போது போன் வந்தது.

"சார், நாச்சம்மைக்கு வந்துடுச்சு" என்றாள் லில்லி புஷ்பம். "மூணு பேருக்கும் வந்துடுச்சு. நெய்ச்சோறு."

"என்ன பண்றா?"

"படுத்துட்டா. சரளைக்கல்லு மேலேயே துண்ட விரிச்சுப் படுத்துட்டா. காண்ட்ராக்டர் வந்து காச்சுமூச்சுன்னு கத்துறான், எந்திரிச்சு வேலையப் பாருங்க, உங்களுக்குத்தான் சோறு தானா வருதேங்கிறான். அடைக்காயி சுத்தியலக் கீழ வச்சிட்டு, வந்துருச்சு, உக்காந்து செரிக்கணும்னு சொல்லிட்டா. இருபத்தொன்பது பேரும் உக்காந்துட்டாங்க சார். இங்க ஒரு சத்தம் கிடையாது, கேக்குதா?"

டாக்டர் போனைக் காதில் அழுத்திக் கேட்டார். ஜல்லி உடைகிற சத்தம் இல்லை, எங்கோ ஒரு காண்ட்ராக்டரின் குரல் மட்டும் தனியாகக் கத்திக்கொண்டிருந்தது.

"நீங்க சாப்பிட்டு முடிச்சிட்டீங்களா?" என்று லில்லி புஷ்பம் கேட்டாள். "சார் சாப்பிட்டுட்டு இருக்கிற வரைக்கும் எந்திரிக்க முடியாது, பாதியில எந்திரிச்சா ஒட்டாதுன்னு அவன்கிட்ட சொல்லியிருக்கோம்."

"இல்ல" என்றார் டாக்டர். "இன்னும் முடிக்கல."

குழுவின் உத்தரவு அடுத்த மாதம் வந்தது, அதில் ஆயிரத்து முந்நூறுதான் இருந்தது. கையால் எழுதிய ஏழு பெயர்கள் பதிவேட்டில் சேராதவை என்று நிலையம் ஓர் அறிக்கை விட்டு, முதுமையில் டாக்டருக்கு மறதி வந்துவிட்டது என்று அதில் வருத்தம் தெரிவித்து, வாசலில் இருந்த ஆள் உயரப் படத்தை எடுத்து எலிக்கூண்டு அறையில் சாத்தியது. அவருடைய எடை நாற்பத்தொன்றிலேயே நின்றுவிட்டது, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பசி ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. மொட்டப்பாறையில் காண்ட்ராக்டர் முதல் வாரம் கத்தினான், இரண்டாவது வாரம் முறைத்தான், மூன்றாவது வாரம் தானும் ஒரு புளியமரத்தடியில் துண்டை விரித்துக்கொண்டான். பகல் ஒன்றிலிருந்து இரண்டு வரை அந்தக் குவாரியில் யாரும் எதையும் தொடுவதில்லை என்று ஆயிற்று. அதற்காக டாக்டர் தினமும் ஒன்று முதல் இரண்டு வரை சாப்பிட வேண்டியிருந்தது. வேகமாகச் சாப்பிட்டே பழகியவர் அவர், கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில் பத்து நிமிஷத்தில் தட்டைக் காலி செய்தவர். இப்போது ஒரு வாய்ச் சோற்றை இந்தக் கன்னத்திலும் அந்தக் கன்னத்திலும் மாற்றி மாற்றி மென்று, தனக்கு ஒரு பருக்கையும் ஒட்டாத சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே தன் தட்டோடு உட்கார்ந்து, தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்ட வத்சலா, ஒரு நாள் அவர் தண்ணீர் டம்ளரை எடுப்பதைப் பார்த்தாள், சுவரில் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இன்னும் பத்து நிமிஷம் இருக்கு" என்றாள். "மெல்லுங்க."